முரல் மீனும் அதனைப் பிடிக்கும் தேசங்களும்

விருதுநகர் ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் சந்தைகளுக்குத் தூத்துக்குடி, மண்டபம் முதலிய கரைகளிலிருந்து மீன் வருகிறது. அவ்வாறு வரும் மீன்களுள் ஊசியைப் போல் நீண்ட வாயை உடைய முரலும் ஒன்று. அதன் சுற்றத்தைச் சேர்ந்த நன்னீர் மீன் ஒன்று நம் நாட்டு ஆறுகளிலும் கண்மாய்களிலும் வாழ்கிறது.

சந்தையில் வாங்கிய முரலை அறுத்து, அதன் எலும்பு பச்சை நிறமாக இருக்கக் கண்டு, விஷ மீன் என்று எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. கண்மாயில் முரல் இருப்பதை அறியாமல் சிறு கெண்டைக் குஞ்சுகளை விட்டு, போட்ட பணத்தை இழக்கிறவர்களும் உண்டு. இவ்விரண்டு நஷ்டங்களும் அறியாமையால் நேருவன. ஆகையால் தவிர்க்கக் கூடியவை. இம்மீன் யாது, இதனைப் பிற தேசத்தார் எவ்வாறு பிடித்துப் பயன்படுத்துகின்றனர், நம் கண்மாய்களில் இதனை எவ்வாறு நடத்தவேண்டும் என்பவை இங்கே விவரிக்கப்படுகின்றன.

பெயரும் உருவமும்

முதலில் பெயர் மயக்கத்தை நீக்கவேண்டும். விராலை ஆங்கிலத்தில் 'மரல்' என்பர். அது முரல் என்ற தமிழ்ப் பெயரைப் போல் ஒலிப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. விரால் பாம்பின் தலை போன்ற தலையை உடையது, சேற்றில் வாழ்வது. முரலோ மேல்நீரில் திரிவது. மெலிந்து நீண்ட வெள்ளி நிற உடலை உடையது.

முரல் என்று கடற்கரையார் வழங்கும் மீன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேல்தாடை, கீழ்த்தாடை ஆகிய இரண்டும் கொக்கின் அலகைப் போல் நீண்டு, கூர்மையான பற்கள் நிறைந்திருக்கும். மற்றொன்றில் கீழ்த்தாடை மட்டும் நீண்டு, மேல்தாடை குட்டையாக இருக்கும். முதல் வகையின் குஞ்சுகளிலும் கீழ்த்தாடையே முந்தி வளருகிறது. மேல்தாடை பின்னரே அதனை எட்டுகிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் பிடிபடும் பறவைக் கோலா மீனும் இவ்விரண்டுக்கும் சுற்றமே ஆகும்.

நம் கடலில் உள்ள பெரிய ஊசி முரல் ஒன்றரை மீட்டர் நீளம் வரை வளரக் கூடியது. நன்னீர் முரல் மிகப் பெரிதானால் 40 சென்டிமீட்டர் அளவே இருக்கும். இந்நன்னீர் மீனுக்கு முதன்முதல் சாஸ்திரப் பெயர் இட்டவர் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் புக்கானன் துரை. 1800-ஆம் ஆண்டில் மைசூர், கோயமுத்தூர் சீமைகளில் பிரயாணம் செய்து வேளாண்மை நிலைமைகளை எழுதி வைத்தவரும் இவரே. கங்கை நதியின் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இவர் இம்மீனையும் வருணித்திருக்கிறார்.

இயல்பும் இனப்பெருக்கமும்

முரல் மேல்நீரில் அசையாது நின்று, சிறு மீனோ பூச்சியோ அருகில் வந்ததும் அம்பு போல் பாய்ந்து பற்றும். வெருண்டால் நீர்மட்டத்திற்கு மேலே துள்ளிப் பாயும். இரவில் விளக்கொளியைக் கண்டால் அதனை நோக்கி, சிவகாசி இராக்கெட்டு வாணத்தைப் போல் குறுக்கே சீறி வருவதுண்டு. பெரிய கடல் முரலின் கூரிய அலகு மனித உடலில் தைத்து உயிருக்கே அபாயம் நேர்ந்திருக்கிறது. 1977-இல் ஹவாய்த் தீவுகளில் இரவு நேரத்தில் தந்தையுடன் மீன் பிடித்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறு இறந்தான். ஆகையால் இம்மீன்கள் உள்ள இடத்தில் படகில் விளக்கை முகத்தின் மட்டத்தில் பிடித்தல் ஆகாது.

இவ்வினத்தின் முட்டைகளைப் பற்றி அறிவது மிகவும் முக்கியம். முரலின் முட்டைகளின் மேல் நூல் போன்ற நீண்ட இழைகள் உண்டு. இவ்விழைகள் கடற்புல், நீர்ப்பாசி, மிதக்கும் செத்தை முதலியவற்றில் சுற்றிக்கொள்ள, முட்டைகள் அங்கேயே தங்கிப் பொரிக்கின்றன. ஆகவே புல் இல்லாத இடத்தில் முரல் பெருகாது. பயிருக்கு மண் எப்படியோ, முரலுக்கு நீர்ப்புல் அப்படி.

பச்சை எலும்பு

முரல் வகைகள் பலவற்றின் எலும்பு பச்சை நிறமாக இருக்கும். வேகவைத்த பின்னும் அந்நிறம் மாறுவதில்லை. இது களிம்பு அன்று, அழுகலும் அன்று. பித்தநீரில் உள்ள 'பிலிவெர்டின்' என்னும் பச்சைச் சாயப் பொருள் எலும்பில் தங்குவதே இதற்குக் காரணம். மனிதர் உடம்பில் அடிபட்ட இடம் சில நாட்களில் பச்சையாக மாறுவதும் இதே பொருளினால்தான். இதனை உண்பதால் தீங்கு எதுவும் இல்லை. ஐரோப்பாவில் இம்மீனை நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். எனவே பச்சை எலும்பைக் கண்டு மீனை எறிவது காசை எறிவதற்குச் சமானம். மீன் கெட்டதா அல்லவா என்பதைக் கண், செவுள், நாற்றம் இவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். எலும்பின் நிறத்தைக் கொண்டு அன்று.

ஐரோப்பிய தேசங்கள்

ஐரோப்பாவில் முரலுக்குப் பேர்போன தேசம் டென்மார்க்கு. அட்லாண்டிக்கு சமுத்திரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் முரல், ஏப்ரல், மே மாதங்களில் கூட்டங்கூட்டமாக டென்மார்க்கு, ஸ்வீடன், ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளின் கரையோரம் வந்து கடற்புல்லில் முட்டையிடுகிறது. இதன் பின்னே கானாங்கெளுத்தி வகை மீன் வருமாதலால், அதற்கு வழிகாட்டியாக முரலைக் கருதுவோரும் உண்டு. வேனில் தொடங்கியதன் அடையாளமாக அந்நாட்டார் இதனைக் கரையிலிருந்தே தூண்டிலிட்டும், வலை கட்டியும் பிடித்து, வெண்ணெயில் பொரித்து உண்கின்றனர்.

முரலின் அலகு எலும்பு போல் கடினமானது. தூண்டில் முள் அதில் எளிதில் ஏறுவதில்லை. இதற்குத் தூண்டிற்காரர் செய்யும் உபாயம் ஒன்று உண்டு. முள்ளை நீக்கிவிட்டுப் பட்டு நூற் கற்றையைக் கட்டி இழுப்பர். மீன் அதனைக் கடிக்க, நெருங்கிய சிறு பற்களில் பட்டு நூல் சிக்கிக்கொள்ளும்.

துருக்கி நாட்டிலும் கருங்கடல் ஓரத்திலும் இதே இனத்து மீன் 'சர்கானா' என்னும் பெயருடன் விற்கப்படுகிறது. மாவில் புரட்டிப் பொரிப்பதே அங்குள்ள வழக்கம். கிரீஸ் தேசத்திலும் இதே பெயர் வழங்குகிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதற்கு ஊசி என்று பொருள்படும் பெயர்களே உள்ளன. எந்தப் பாஷை பேசினும் இம்மீனைக் கண்டவர் மனத்தில் தோன்றிய உவமை ஒன்றே என்பது வியப்பு.

கீழ்த் தேசங்களும் தென் தேசங்களும்

ஜப்பானியர் குட்டை மேல்தாடை முரலைச் 'சயோரி' என்பர். இளவேனிற் காலத்தில் இதனை மெல்லிய துண்டுகளாக்கிப் பச்சையாகவே உண்பர். உப்பிட்டு உலர்த்துவதும் உண்டு. இதன் மேனி வெள்ளியாக ஒளிர்ந்தாலும் வயிற்றின் உட்புறத் தோல் கரியது. எனவே முகத்தில் இனிமையும் உள்ளத்தில் வஞ்சமும் உடையவரை அந்நாட்டார் சயோரிக்கு ஒப்பிடுவர். சமைக்கும்போது அக்கரிய தோலைச் சுரண்டி நீக்குதல் நலம். நம் நாட்டு முரலுக்கும் இவ்விதி பொருந்தும்.

முரலின் மற்றொரு சுற்றமாகிய 'சன்மா' ஜப்பானில் ஏழை எளியவரின் இலையுதிர் கால உணவாக இருந்தது. இதனை விளக்கொளியால் கூட்டிப் பிடிக்கிறார்கள். வெள்ளொளியால் மீனைப் படகினருகே வரவழைத்து, பிறகு செவ்வொளியை ஏற்றி அமைதிப்படுத்தி, கழியில் கட்டிய வலையால் அள்ளுவர். 1958-இல் ஜப்பானியர் பிடித்த சன்மா 5 லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. 2022-இல் அது 20,000 டன்னுக்கும் குறைந்தது. கடல் வெப்பமும் நீரோட்டமும் மாறியதோடு, பல தேசத்தார் ஒரே மீனை நாடியதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தைவான், சீனா, ருஷ்யா, தென்கொரியா முதலிய தேசங்களும் ஜப்பானும் ஒன்று கூடி, 2015-இல் ஏற்பட்ட வட பசிபிக் மீன்வளக் கமிஷன் மூலமாக அளவு நிர்ணயித்துப் பிடிக்கும் நிலை வந்துவிட்டது. அளவின்றி எடுத்தவர் பின்னர் அளந்து எடுக்க நேர்ந்தது.

தென் ஆஸ்திரேலியாவில் முரல் கடற்புல் நிறைந்த ஸ்பென்ஸர், செயின்ட் வின்சென்ட் என்னும் வளைகுடாக்களில் இழுவலையால் பிடிக்கப்படுகிறது. அங்குள்ள முரல் பகலில் கடற்புல்லையே தின்று, இரவில் சிறு பிராணிகளைத் தின்னும் விநோத இயல்புடையது. மீன் குறையவே, சிறு மீனைப் பிடித்தலாகாது என்று நீள அளவும், வலைக் கண் அளவும், சில காலங்களில் முழுத் தடையும் விதிக்கப்பட்டன.

சாலமன் தீவுகளிலும் இந்தோனேஷியாவின் சில தீவுகளிலும் வழங்கும் முறை எல்லாவற்றிலும் நூதனமானது. இலையினால் செய்த காற்றாடியைப் படகிலிருந்து பறக்கவிட்டு, அதன் வாலிலிருந்து சிலந்திக் கூட்டைத் திரித்துச் செய்த கண்ணியை நீரின் மேல் படும்படி தொங்கவிடுவர். காற்றாடி அசைய, கண்ணி பூச்சியைப் போல் நீர்மேல் துள்ளும். முரல் பாய்ந்து கடித்ததும் பற்கள் சிலந்தி நூலில் சிக்கிக்கொள்ளும். முள்ளும் இல்லை, இரையும் இல்லை. டென்மார்க்குத் தூண்டிற்காரர் பட்டு நூலால் செய்ததைத் தீவினர் சிலந்தி நூலால் செய்தனர். பூமியின் இரு கோடிகளில் வாழ்ந்தவர் மீனின் பல்லை உற்று நோக்கியே ஒரே உபாயத்தைக் கண்டனர்.

தமிழர் பலர் குடியேறிய சிங்கப்பூரில் இம்மீனைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கரையில் நின்றவர்களைக் கூரலகு மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து குத்தினவாம். வாழைத்தண்டுகளைக் கரை நெடுக நிறுத்தினால் அலகு அதில் தைத்து மீன்கள் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் கூற, அவ்வாறே செய்து ஊரைக் காத்தனர். பின்னர் அச்சிறுவனின் புத்திக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான் என்று மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. தஞ்சோங் பகார், புக்கிட் மேரா என்னும் இடப் பெயர்களை இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். நல்ல யோசனை சிறியவரிடமிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கது என்பதும், ஏற்றபின் சொன்னவரைத் தண்டிப்பது கேடு என்பதும் ஊர்ச் சபைகளுக்கும் உரிய படிப்பினைகள்.

நம் கடற்கரை

தமிழ்நாட்டில் பாக்கு நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும், எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்திலும் முரல் பிடிக்கப்படுகிறது. மேல்நீரில் மிதக்கும்படி விடும் வலையை முரல் வலை என்றே கூறுவர். சிங்களத்திலும் குட்டைத் தாடை முரலுக்கு 'மொரல்லா' என்னும் நெருங்கிய பெயர் வழங்குகிறது.

சென்னை மாகாணத்தில் மீன் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் பிரடெரிக் நிக்கல்சன் துரை. இவரே கிராமக் கூட்டுறவு நாணய சங்கங்களுக்கும் அறிக்கை எழுதி வழிகாட்டியவர். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் ஏற்பட்டு, 1971-இல் கொச்சிக்கு மாற்றப்படும் வரையில் மண்டபத்தைத் தலைமை இடமாகக் கொண்டிருந்தது. விருதுநகர் அப்பொழுது மண்டபம் அடங்கிய அதே இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. 1985-இல்தான் தனி ஜில்லாவாயிற்று.

முன்னர்க் கூறியபடி முரலுக்குக் கடற்புல்லே தொட்டில். அடியை வாரிச் செல்லும் இழுவை மடிகள் கடற்புல்லை வேரோடு பறிக்கின்றன. கடற்புல்லை மேயும் கடற்பசுவைக் காப்பதற்காகப் பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் புல் முரலுக்கும் பயன்படும். கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடுக்கப்பட்டிருக்கிறது. நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை.

நமது கண்மாய்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, பங்குனி, சித்திரையில் வற்றும் கண்மாய்களே இந்த ஜில்லாவில் மிகுதி. வற்றும் கண்மாயில் முரல் எவ்வாறு வரும் எனச் சிலர் ஐயுறலாம். ஆற்று மடுக்களிலும் வற்றாத மேற் கண்மாய்களிலும் தங்கிய மீன், வரத்துக் கால்வாய் வழியாகவும் மேற் கண்மாய் மறுகால் பாயும்போதும் கீழ்க் கண்மாய்க்கு வந்து சேருகிறது.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். குஞ்சு மிகச் சிறிதாயின் முரலுக்கும் விராலுக்கும் இரையாகும். கணக்கின் பொருட்டு, ஒரு கண்மாயில் முரல் ஐம்பது இருப்பதாகவும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு இரண்டு குஞ்சு தின்பதாகவும் கொள்வோம். பத்து நாளில் ஆயிரம் குஞ்சு தீர்ந்துவிடும். குத்தகைதாரர், குஞ்சு விற்றவர் ஏமாற்றினார் என்பார். ஊரார், குத்தகைதாரர் குஞ்சே விடவில்லை என்பர். ஏலத்தொகை குறையும், பஞ்சாயத்தின் வரும்படி குறையும், சண்டை மட்டும் வளரும். உண்மைக் காரணமோ நீர்மட்டத்தில் அசையாமல் நிற்கும்.

ஆயினும் ஊர்ப் பொதுக் கண்மாயில் முரலை அடியோடு அழித்தல் வேண்டியதில்லை. அது பூச்சிகளைத் தின்னும். கண்மாய் வற்றும்போது கச்சா, ஊத்தா முதலியவற்றுடன் ஊரார் கூடிப் பிடிக்கையில் ஏழைக் குடும்பத்தின் சட்டிக்கும் வரும். தனிப் பண்ணைக் குட்டை வேறு. பொதுக் கண்மாய் வேறு. இரண்டுக்கும் ஒரே விதி இடுதல் தவறு.

செய்யத்தக்கவை

1. பொதுக் கண்மாயில் விடும் கெண்டைக் குஞ்சு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இத்தகைய குஞ்சுக்கு விலை அதிகமாயினும், முரலின் ஒடுங்கிய தொண்டைக்கு இது எளிதில் அகப்படாது. எண்ணிக்கையைக் குறைத்தேனும் பெரிய குஞ்சையே விடுக.

2. குஞ்சு விடுவதற்கு முன் மேல்நீரில் வலையைப் பலமுறை இழுத்து முரலைப் பிடித்துவிடுக. அடியில் மட்டும் இழுக்கும் வலைக்கு முரல் அகப்படாது.

3. வரத்துக் கால்வாய் மடைகளில் நெருங்கிய கண்ணுள்ள வலைத் தட்டி அமைக்க. வெள்ள காலத்தில் செத்தை அடைத்து நீர் தடைப்படாதபடி நாள்தோறும் துப்புரவு செய்தல் வேண்டும்; நீர்வரத்தே முதன்மை, மீன் பிறகே.

4. தனிப் பண்ணைக் குட்டையில் பகை மீன்களை நீக்க இலுப்பைப் புண்ணாக்கு உதவும். ஒரு மீட்டர் ஆழமும் 25 சென்ட் பரப்பும் உள்ள குட்டைக்குச் சுமார் 250 கிலோ தேவை. ஊறவைத்துக் கரைத்துப் பரவலாகத் தெளிக்கவேண்டும். இதன் வீரியம் இரண்டு மூன்று வாரங்களில் நீங்கி, பின் குட்டைக்கே எருவாகும். அதன் பின்னரே குஞ்சு விடுக. மனிதர் குடிக்கும் நீருள்ள இடத்திலும், பொதுக் கண்மாயிலும், மறுகால் பாயும் காலத்திலும் இதனைச் செய்தல் ஆகாது.

5. பருத்தி, மிளகாய்ப் பயிர்களுக்குப் பூச்சி மருந்து தெளித்த கருவிகளைக் கண்மாயில் கழுவுதல் கூடாது. மேல்நீரில் வாழும் மீனும் குஞ்சும் முதலில் மடியும்.

6. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலின் கழிவுப் பொடியையும் கழிவு நீரையும் ஓடையில் விடாதபடி கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டும். நீரில் கரையும் பேரிய உப்பு மனிதருக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் விஷம். பட்டாசில் பேரிய உப்புச் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்திருக்கிறது. இவ்வட்டாரத்து ஓடைகள் வைப்பாற்றை நாடுவன. வைப்பாறு சாத்தூர் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

7. மீன்பாசி ஏலத்தின்போது, விடவேண்டிய குஞ்சின் நீளத்தையும் எண்ணிக்கையையும் நிபந்தனையாக எழுதி, குஞ்சு விடும் நாளில் ஊரார் முன்னிலையில் எண்ணிக் காட்டச் செய்க. பின்னர் வழக்குக்கு இடமிராது.

8. வலையிலிருந்து முரலை எடுக்கும்போது தலையைத் துணியால் பற்றுக. சிறுவர்களை அதன் அருகே குனிந்து நிற்க விடலாகாது, கண்ணுக்கு அபாயம்.

முடிவுரை

டென்மார்க்கின் குளிர்ந்த கரையிலும் சாலமன் தீவின் வெயிலிலும் முரலைப் பிடித்து வாழ்கிறவர்கள், அது எங்கே முட்டையிடும், எவ்வாறு கடிக்கும், எப்பொழுது வரும் என்பவற்றை அறிந்தே வாழ்கிறார்கள். புல்லைக் காத்த இடத்தில் மீன் நிற்கிறது. அளவின்றி வாரிய இடத்தில் குறைகிறது. கடல் இல்லாத விருதுநகர் ஜில்லாவுக்கும் இது பொருந்தும். இங்கே கண்மாயே கடல். வரத்துக் காலைத் திருத்தி, நீரைத் தூய்மையாக வைத்து, தக்க அளவுள்ள குஞ்சை விட்டால், முரலும் இருக்கும், கெண்டையும் வளரும், பஞ்சாயத்துக்கு ஏலத்தொகையும் சேரும். இவ்வாண்டு மழைக்கு முன்னரே வரத்துக் கால்வாய்களைப் பார்வையிட்டு, மடைத் தட்டிகளைச் சீர்செய்து வைத்தல், குடியானவரும் கிராம அதிகாரிகளும் சேர்ந்து தொடங்கவேண்டிய முதற் காரியமாகும்.